குறியைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு

நுழைவுத் தேர்வுக்கான வினாத்தொகுப்புகள் வேதி வெப்ப இயக்கவியலையும் மின்வேதியியலையும் திரும்பத் திரும்ப வரும் சில வினாக்களாகச் சுருக்கிவிட்டன என்ற குறை எழும்போதெல்லாம், அவ்வினாக்களைப் பழகிய மாணவர் பாடத்தின் அடிப்படையைப் பெற்றுவிடுகிறார் என்ற சமாதானமே விடையாக வருகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. டேனியல் மின்கலத்தின் 1.10 வோல்ட்டைக் கணக்கிடுவதும், வோல்ட்டைக் கிலோஜூலாக மாற்றுவதும், குறி பிசகாமல் சமன்பாடுகளைக் கூட்டிக் கழிப்பதும் பயிற்சியால்தான் கைவரும். ஆனால் இத்தொகுப்புகளின் நடுநாயகமாக விளங்கும் வினா, அடிப்படையைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதைச் சிதைக்கிறது.

அவ்வினா பல உருவங்களில் வரும். கேட்பது ஒன்றுதான்: கீழ்க்காணும் வினைகளுள் எது தன்னிச்சையாக நிகழும்? திட்ட மின்னழுத்த அட்டவணையிலிருந்து இரு மதிப்புகளை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிகைக்குறி வந்தால் நிகழும் என்றும், கழித்தல்குறி வந்தால் நிகழாது என்றும் மாணவர் எழுதுகிறார். முழு மதிப்பெண் கிடைக்கிறது. திட்ட நிலை என்பது கரைபொருள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரு மோலார் செறிவிலும் வாயுக்கள் ஒரு பார் அழுத்தத்திலும் இருப்பதாகக் கொள்ளும் கற்பிதமான ஒப்பீட்டு நிலை. அந்நிலைக்குரிய மின்னழுத்தமும் அதற்கு இணையான கட்டிலா ஆற்றல் மாற்றமும் சமநிலை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, குடுவையில் இப்போது இருக்கும் கலவை எத்திசையில் நகரும் என்பதைத் தனியாகச் சொல்லாது. அதைச் சொல்ல, வினைக்குணகம் எனப்படும், விளைபொருள்களின் செறிவுக்கும் வினைபடுபொருள்களின் செறிவுக்கும் உள்ள விகிதமும் வேண்டும்.

அசிட்டிக் அமிலம் நீரில் அயனியாவதற்கான திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் 298 கெல்வினில் ஒரு மோலுக்குச் சுமார் +27 கிலோஜூல். கட்டிலா ஆற்றலில் குறி தலைகீழ், மிகைக்குறி என்றால் நிகழாது என்று பொருள். வினாத்தொகுப்பின் விதிப்படி அது அயனியாகவே கூடாது. ஆனாலும் ஒரு மோலார் கரைசலில் ஆயிரத்துக்கு நான்கு மூலக்கூறுகள் பிரிகின்றன, வினிகர் புளிக்கிறது. விளைபொருள் சிறிதும் இல்லாத தொடக்கத்தில் கரைசலில் நடக்கும் எந்த வினையும் சற்றேனும் முன்னோக்கி நகரும் என்பதே வெப்ப இயக்கவியலின் முடிவு. டேனியல் கலம் போன்று மின்னழுத்த வேறுபாடு பெரிதாக உள்ள இடங்களில் செறிவு பத்து மடங்கு மாறினாலும் 0.03 வோல்ட்தான் அசைகிறது என்பதால் குறியை மட்டும் பார்ப்பது அங்கே தவறான விடை தருவதில்லை. வெள்ளீயத்துக்கும் ஈயத்துக்கும் இடையே உள்ள வேறுபாடோ ஏறத்தாழ 0.01 வோல்ட், வெள்ளீய அயனியின் செறிவு ஈய அயனியின் செறிவைப் போல் இரு மடங்கைச் சற்றுத் தாண்டினாலே, வெள்ளீயம் ஈயத்தை வெளியேற்றும் வினை திசை திரும்பிவிடும். காற்றிலும் நீரிலும் அசையாத தங்கம், நீர்த்த சயனைடு கரைசலில் காற்றின் ஆக்சிஜனுக்கே கரைந்துவிடுகிறது. தனித்த தங்க அயனியின் செறிவை சயனைடு ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடுவதே காரணம். 1887இல் காப்புரிமை பெற்ற அந்த முறைதான் கோலார் வயல்களிலும் தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரித்தது.

செறிவை மறப்பதைவிடக் கேடானது வேகத்தை மறப்பது. தூய துத்தநாகத் துண்டொன்றை நீர்த்த சல்பியூரிக் அமிலத்தில் இட்டால், அட்டவணை 0.76 வோல்ட் அளவுக்கு வினையை உந்துவதாகச் சொன்னாலும், பரப்பில் குமிழிகள் அரிதாகவே தோன்றுகின்றன. அதே துண்டைச் செப்புக் கம்பி ஒன்றால் தொட்டவுடன் ஹைட்ரஜன் பொங்கி எழுகிறது. குமிழிகள் வருவது செம்பிலிருந்து, கரைவது துத்தநாகம். தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் மாறவில்லை, கட்டிலா ஆற்றலும் மாறவில்லை. ஹைட்ரஜன் அயனிகள் எலக்ட்ரானைப் பெற்று வாயுவாவதற்கு எளிய பரப்பொன்று கிடைத்தது, அவ்வளவே. ஒரு மின்முனையில் வினை போதிய வேகத்தில் நடக்கச் சமநிலை மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும் அழுத்தத்துக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் அரிமானத்தை ஆய்வோர் மல்லுக்கட்டுவது இந்த வேகத்தோடுதான். இரும்பு துருப்பிடிக்குமா என்ற கேள்விக்கு அட்டவணை என்றோ விடை சொல்லிவிட்டது.

உப்புநீரை மின்பகுக்கும்போது ஆனோடில், அதாவது ஆக்சிஜனேற்றம் நிகழும் முனையில், எது வெளிவரும் என்பது இத்தொகுப்புகளில் அடிக்கடி காணும் வினா. நடுநிலைக் கரைசலில் நீர் ஆக்சிஜனாவதற்கு 0.82 வோல்ட்டும், குளோரைடு குளோரினாவதற்கு 1.36 வோல்ட்டும் தேவை. குறிக்கணக்குப்படி ஆக்சிஜனே வரவேண்டும். மேட்டூரிலும் சாகுபுரத்திலும் உள்ள காஸ்டிக் சோடா ஆலைகளில் வருவது குளோரின். பாடநூல் இவ்விடத்தில் மிகை மின்னழுத்தத்தை ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது. வினாத்தொகுப்போ அதை மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்காக்கி, அடுத்த வினாவிலேயே பழைய கழித்தல் கணக்குக்குத் திரும்புகிறது. விதியின் எல்லையைக் காட்டவேண்டிய இடம் விதிக்குப் பிறழ்ந்த ஒன்றாக ஒதுக்கப்படுகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்கும் தேர்வில், வேகத்தையும் செறிவையும் எண்ணித் தயங்கும் மாணவருக்கு இழப்பு. எண்ணாமல் கழிப்பவருக்கு ஆதாயம். இதை அடிப்படைப் பயிற்சி என்று சொல்வது பயிற்சியையும் அடிப்படையையும் ஒருங்கே இழிவுபடுத்துவது.

ஈயச் சேமக்கலமும் இத்தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறும். மின்னிறக்கத்தின்போது நிகழும் வினைகளும் அமிலத்தின் அடர்த்தி குறைவதும் கேட்கப்படும். அக்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட், நீரைப் பிளக்க 1.23 வோல்ட் போதும். குறிக்கணக்கு முழு உண்மையாக இருந்தால், ஈயம் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனையும் ஈய டைஆக்சைடு நீரிலிருந்து ஆக்சிஜனையும் வெளியேற்றி, 1859இல் பிளாண்டே உருவாக்கிய அந்தக் கலம் தன் நீரைத் தானே தின்று தீர்ந்திருக்கும். ஈயத்தின் பரப்பில் ஹைட்ரஜன் மிகத் தயங்கியே உருவாவதால் அது நிலைக்கிறது. மின்னேற்றத்தின்போது தரப்படும் கூடுதல் அழுத்தம் அத்தயக்கத்தைச் சற்று மீறி நீரை வாயுவாக்கிவிடுவதால்தான் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் கலம் ஏன் தன் நீரைப் பிளந்துகொள்வதில்லை என்று கேட்க ஒரு வரி போதும். அந்த வினாவை எழுப்பும் எண்கள் எல்லாம் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன.