வருடிக்கு வராத தாள்கள்

கணினி ஆர்வலர்கள் பற்றிய மானிடவியல் ஆய்வுகளில் இரு நூல்கள் அதிகம் பேசப்படுவன. கிறிஸ்தோபர் கெல்ரியின் 'டூ பிட்ஸ்' 2008இலும் கபிரியேலா கோல்மனின் 'கோடிங் ஃப்ரீடம்' 2013இலும் வெளிவந்தன. தாம் கூடுவதற்கான கருவியைத் தாமே ஆக்கி, திருத்தி, காத்துக்கொள்ளும் கூட்டம் என்று இவர்களைக் கெல்ரி காண்கிறார். கோல்மன் டெபியன் நிரலாளர்களிடையே பழகி, அவர்களது பகிடிகளையும் உரிமை பற்றிய வாதங்களையும் பதிவு செய்தார். இரண்டும் நல்ல நூல்களே. ஆயினும் நமது அனுபவம் இவற்றுக்குள் அடங்குமா?

2005இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது இயங்கும் மீடியாவிக்கி, விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மென்பொருள், இரவல். அவர்களின் கவலை நிரலில் அல்ல, செல்லரிக்கும் தாளில் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை மறந்து இந்த ஆர்வத்தை விளங்கிக்கொள்ள இயலாது. கெல்ரி பெங்களூர் வரை வந்து களப்பணி செய்தவர்தான். எனினும் இந்தத் துக்கத்துக்கு அவரது சட்டகத்தில் இடமில்லை.

கரவெட்டியில் 1932இல் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் முறை இங்கு உதவும். கொழும்பு ஸாஹிறாவில் படித்த அவர், பின்னர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்தார். ஆடியவர் யார், பார்த்தவர் யார், ஆதரித்தவர் யார் என்பது அவ்வாய்வின் வழி. எண்ணிம நூலகத்திடமும் அதையே கேட்கலாம். வருடுபவரைத் தெரிகிறது. நூலைக் கொடுத்தவர் யார்? வீட்டில் அலுமாரி மிஞ்சியவர்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் விட்டுவந்த கிதாபுகளும் மலர்களும் கடிதங்களும் எந்த வருடியை வந்தடையும்? தப்பி வந்ததிலும் ஒரு சிக்கல் உண்டு. அறபுத்தமிழ் நூலொன்று தமிழெழுத்தில் தேடுபவருக்குக் கிடைப்பது, அட்டவணையிட்டவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியுமா என்பதைப் பொறுத்தது.

ஆர்வலர்மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. நம்மில் சஞ்சிகை நடத்தியவர்களுள் எத்தனை பேரிடம் தம் இதழ்களின் முழுத்தொகுதி இருக்கிறது? (என்னிடமும் இல்லை.)

இனி இத்துறையில் எழுத வருபவர், கணினியின் முன் இருப்பவர்களோடு சில மாதங்கள் கழித்த பின், புத்தளத்துக்கும் ஒருமுறை பஸ் ஏறட்டும். அங்குள்ள முதியவர்களிடம் அலுமாரியில் என்னென்ன இருந்தன என்று கேட்டு எழுதட்டும்.