நறுமணம் வலியைத் தணிக்குமா? ஒரு திறனாய்வு

லாவெண்டர் எண்ணெயை இரண்டு சொட்டுப் பஞ்சில் விட்டு முகர்ந்தால் மன இறுக்கம் தளரும். தலைவலி, மூட்டுவலி, பேறுகால வலி ஆகிய அனைத்தும் தணியும். இவ்வாறு கூறும் நூல்களும் விளம்பரங்களும் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. 'அரோமாதெரப்பி' எனப்படும் இம்முறையை நறுமண மருத்துவம் என்று நாம் அழைக்கலாம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சான்றுகள் எத்தகையவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பூவிலிருந்தோ இலையிலிருந்தோ வடித்தெடுத்த மணஎண்ணெயைத் தோலில் பூசலாம், வாயால் விழுங்கலாம், மூக்கால் முகரலாம். இம்மூன்று வழிகளிலும் உடலைச் சென்றடையும் எண்ணெயின் அளவு வேறு. அது செயற்படும் இடமும் வேறு. ஆகவே, ஒரு வழிக்குக் கிடைத்த சான்று மற்றொரு வழிக்குச் சான்றாகாது. நறுமண மருத்துவ நூல்கள் பலவற்றில் காணப்படும் பெருங்குறை இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதே ஆகும்.

இம்முறையின் தந்தை என்று போற்றப்படும் ரெனே மோரிஸ் காட்ஃபோசேயின் கதையையே எடுத்துக்கொள்வோம். இவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலார். வாசனைப் பொருள் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆய்வுக்கூடத்தில் இவருடைய கை வெந்துபோயிற்று என்றும், அருகிலிருந்த லாவெண்டர் எண்ணெயில் கையை அமிழ்த்தியவுடன் வலி பறந்தது என்றும், தழும்பு கூட இல்லாமல் புண் ஆறியது என்றும் நூலுக்கு நூல் எழுதுகிறார்கள்.

ஆனால் 1937இல் அவரே வெளியிட்ட 'அரோமாதெரப்பி' என்னும் நூலில் உள்ள செய்தி வேறு. 1910இல் நேர்ந்த வெடிவிபத்தில் அவருடைய இரு கைகளும் தீப்பட்டன. பின்னர், திசுக்களில் வாயு உண்டாகி அவை அழுகும் கொடிய நோய் அப்புண்களைப் பற்றியது. லாவெண்டர் எண்ணெயால் கழுவியதும் அந்த அழுகல் நின்றது என்பதே அவருடைய கூற்று. அதாவது, அவர் பேசியது கிருமியைக் கொல்லும் ஆற்றலைப் பற்றி. நறுமணத்தை முகர்ந்து மன அமைதி பெற்றதாக அவர் அந்நிகழ்ச்சியில் கூறவில்லை. ஒருவருக்கு ஒருமுறை நேர்ந்த அனுபவம் என்ற அளவில் கூட, அது தோல் வழிக்கு உரிய செய்தியே. அதை மூக்கு வழிக்குச் சான்றாக்குவது சிறிதும் பொருந்தாது.

வாய்வழிக்கு இதைவிடத் தரமான சான்று உண்டு. லாவெண்டர் எண்ணெய் 80 மில்லிகிராம் அடங்கிய குளிகையை, மனப்பதற்றம் உள்ளோருக்கு நாள்தோறும் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2010இல் வெளியாயிற்று. 221 பேர் கலந்துகொண்ட அச்சோதனை 10 வாரம் நீடித்தது. யாருக்கு எண்ணெய், யாருக்கு மருந்தில்லாத போலிக் குளிகை என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. எண்ணெயை விழுங்கியோருக்குப் பதற்றம் அதிகமாகக் குறைந்தது. இச்சோதனை தயாரிப்பாளரின் ஆதரவில் நடந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். எனினும், முறையான சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இதுவும் விழுங்கும் மருந்துக்கே சான்று. முகரும் மணத்துக்கு அன்று.

அவ்வாறாயின் முகர்வதால் பயனே இல்லையா? அப்படியும் கூறிவிட முடியாது. மூக்கின் மேற்பகுதியிலுள்ள மோப்ப உயிரணுக்களிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை, அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளை மிக விரைவில் சென்றடைகிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. லாவெண்டரில் உள்ள லினலூல் என்னும் பொருளின் ஆவியை எலிகள் முகர்ந்தபோது அவற்றின் அச்சம் குறைந்தது. மோப்ப ஆற்றலை இழந்த எலிகளிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, மணமே இவ்விளைவைத் தந்தது என்று கொள்ளலாம். ஆயினும், கூண்டிலிருக்கும் எலியின் அச்சத்தைக் கொண்டு மூட்டுவலியால் துன்புறும் மனிதரைப் பற்றி முடிவு கூறலாகாது.

மனிதரிடம் சோதிக்கும்போது ஒரு பெரிய இடர்ப்பாடு எழுகிறது. குளிகைக்குப் போலி செய்யலாம். மணத்துக்குப் போலி செய்வது எவ்வாறு? முகர்ந்தவருக்குத் தாம் முகர்ந்தது தெரிந்துவிடும். நலம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பும் உடனே பிறந்துவிடும். அந்த எதிர்பார்ப்பே வலியைச் சற்றுக் குறைக்க வல்லது. அன்றியும், எண்ணெயைக் கொண்டு வருபவர் பக்கத்தில் அமர்கிறார், ஆறுதல் கூறுகிறார். தணிவைத் தந்தது எண்ணெயா, ஆறுதல் மொழியா என்று பிரித்தறிவது எளிதன்று.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே தம் சோதனையை அமைத்தனர். நல்ல உடல்நலமுள்ள 56 பேருக்கு எலுமிச்சை மணம், லாவெண்டர் மணம், வெறும் நீர் ஆகியவற்றை வெவ்வேறு நாட்களில் கொடுத்தனர். சிலருக்கு மணத்தின் பயனைப் பற்றி முன்னரே கூறினர்; சிலருக்குக் கூறவில்லை. 2008இல் முடிவு வெளிவந்தது. எலுமிச்சை மணம் மனத்துக்கு உற்சாகம் அளித்தது உண்மை. ஆனால் வலியைத் தாங்கும் ஆற்றலையோ, தோல் சீரடையும் விரைவையோ இரு மணங்களும் கூட்டவில்லை. மனம் மகிழ்வது வேறு, வலி குறைவது வேறு என்பது இதனால் விளங்குகிறது.

பேறுகால வலிக்கு வருவோம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகர மருத்துவமனை ஒன்றில் 1990 முதல் 1998 வரை 8,058 தாய்மாருக்கு மணஎண்ணெய் பயன்படுத்தப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் அது உதவியதாகக் கூறினர். எண்ணிக்கையைக் கண்டு வியக்கிறோம். ஆயினும், அங்கே குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. அம்முறையில் நடந்த இரு சோதனைகளை மட்டும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2011இல் தொகுத்துப் பார்த்தனர். மொத்தம் 535 தாய்மார். வலியின் கடுமையில் இரு குழுவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எட்டாயிரம் பேரின் கருத்தை விட, முறையாகப் பிரித்த ஐந்நூறு பேரின் முடிவுக்கே அறிவியலில் மதிப்பு மிகுதி. அதே வேளையில், இரண்டே சோதனைகளைக் கொண்டு இறுதித் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது.

"பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே" என்று சிலர் வாதிடுவர். 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் ஆளுக்கொரு மாநிலமாக நால்வர் மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய தொற்றுக்கு ஆளாயினர், இருவர் இறந்தனர். இந்தியாவில் தயாரான லாவெண்டர் மணத் தெளிப்பு நீரில் அக்கிருமி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். குற்றம் லாவெண்டர் மீது அன்று. நீரில் கலந்த கிருமி மீதே. ஆனாலும், இயற்கைப் பொருள் என்ற பெயர் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை. பஞ்சை முகர்ந்தபடி நாளைக் கடத்தினால், குணப்படுத்தக் கூடிய நோயும் முற்றிவிடலாம்.

ஆகவே வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நறுமணம் மனத்துக்கு இதமளிக்கிறது; அந்த இதத்துக்காக அதை முகர்வதில் தவறில்லை. ஆனால் வலியைப் போக்கும் என்று ஒரு நூலோ விளம்பரமோ கூறினால், அதற்குக் காட்டும் சான்று தோல்வழிக்கு உரியதா, வாய்வழிக்கு உரியதா, மூக்குவழிக்கு உரியதா என்று கேளுங்கள். ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்றும் கேளுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால் புட்டியை மூடி வைத்துவிட்டு, வலியின் காரணத்தை அறிய மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.