சந்தேகம் என்னும் முத்திரை

பிரதியிலிருந்து ஆசிரியனை வெளியேற்றிவிட்டதாக ரொலான் பார்த் 1967இல் அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கோட்பாடாகப் பேசாமலே நடைமுறையாக்கிக் காட்டியது, 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியா. கட்டுரையின் கீழே யார் பெயரும் கிடையாது. 'யாரு எழுதினா என்ன, ஆதாரம் இருக்கா?' என்பதுதான் அங்கே கேள்வி. ஆதாரமற்ற வாக்கியத்தின் பின்னால் 'சான்று தேவை' என்று ஒட்டுவார்கள். அந்தக் குறி வாக்கியத்தின்மீது விழுவது, எழுதியவர்மீது அல்ல.

2023 டிசம்பரில், இயந்திரம் எழுதிய பகுதிகளைக் களைய அங்கே ஒரு தன்னார்வக் குழு உருவானது. இன்று சந்தேகத்துக்குரிய கட்டுரையின் தலையில், இதில் மொழி மாதிரியின் எழுத்து 'இருக்கலாம்' என்று முத்திரை விழுகிறது. எனக்கு இந்த 'இருக்கலாம்'தான் உறுத்துகிறது. 'சரியா இருக்கா?' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'யார் எழுதினது?' முன்னுக்கு வருகிறது. எழுத்து தண்டனைக்குரியதாக ஆனபோதே அதற்கு ஆசிரியன் தேவைப்பட்டான் என்று ஃபூக்கோ 1969இல் சொன்னார். வெளியேற்றப்பட்டவன் இப்போது குற்றவாளிக் கூண்டின் வழியாகத் திரும்புகிறான்.

முத்திரை குத்துகிறவர்களை அதிகாரத்தின் காவலாளிகள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இயந்திரம் நொடியில் கொட்டிவிடுகிறது. அது காட்டும் நூல் உண்மையில் இருக்கிறதா, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி உண்டா என்று தேடுகிறவருக்கு ஒரு பொழுது போய்விடுகிறது. சம்பளமில்லாத பொழுது. அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆனால் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? மிகைப் புகழ்ச்சி, மும்மூன்றாக அடுக்குவது, வழுவழுப்பான இணைப்புச் சொற்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் பயின்று இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுகிற நம்மவர் நடையும் கிட்டத்தட்ட இதுதானே? 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்றன அவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே, துல்லியம் போதவில்லை என்று தன் கருவியை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. கருவியை நம்பாமல் காதை நம்பலாம் என்றால், அந்தக் காது யாருடைய ஆங்கிலத்தில் பழகியது என்றும் கேட்டாக வேண்டும்.

2025 ஆகஸ்டில் அங்கே ஏற்கப்பட்ட விரைவு நீக்க விதி, நடையைத் தொடவில்லை. இல்லாத நூல்களைச் சான்றாகக் காட்டுவது, பயனரிடம் இயந்திரம் பேசிய பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற தடயங்களைத்தான் கேட்கிறது. இவற்றை யாரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம். 'நீ எழுதலை' என்ற குற்றச்சாட்டை எப்படி மறுப்பது? தான் மனிதன் என்பதற்கு யார் சான்று தர முடியும்?

முத்திரை வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது பொய்யான சான்றின்மேல் விழட்டும், எழுதியவரின் நடைமேல் வேண்டாம்.