வாசலுக்கு வரும் உலர்சலவை: செயலிவழிச் சேவை ஒன்றின் மதிப்பீடு

பேச்சுவழக்கில் ‘ட்ரை வாஷ்’ என்றும் எழுத்துத் தமிழில் உலர்சலவை என்றும் வழங்கும் முறையில் துணி நனையாமல் இருப்பதில்லை. நீருக்குப் பதிலாக, எண்ணெய்ப்பசையைக் கரைக்கவல்ல வேதித் திரவமான கரைப்பானில் அது முழுவதும் நனைந்து, வாஷிங் மெஷினை ஒத்த உருளைக்குள் சுழன்று, பின்னர் வெப்பக் காற்றில் உலர்கிறது. நீரைப்போல் கரைப்பான் இழைகளுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்வதில்லை என்பதால்தான், நனைந்தால் சுருங்கும் கம்பளிக்கும் மெருகு குலையும் பட்டுக்கும் இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது. இச்சேவையைச் செயலி வழியாக வீட்டு வாசலிலேயே பெறும் வசதியைச் சென்னையில் பல நிறுவனங்கள் அளிக்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் கம்பளிக் கோட்டு ஒன்றும், வெண்பட்டு வேட்டி ஒன்றும், திருமணத்தில் உடுத்திய காஞ்சிபுரம் பட்டுச்சேலை ஒன்றும் ஒப்படைக்கப்பட்டு, அதன் சேவை இங்கே மதிப்பிடப்படுகிறது.

செயலியின் இயக்கத்தில் குறை காண இடமில்லை. நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொண்டால் பணியாளர் வந்து துணிகளை எண்ணி, பட்டைக்குறி அச்சிட்ட சிறு துண்டை ஒவ்வொன்றிலும் பொருத்தி, கைபேசியால் அதனைப் படித்துக்கொள்கிறார். அதன்பின் துணி மையப் பணிக்கூடத்தை அடைந்ததும், சலவை முடிந்ததும், வண்டி ஏறியதும் செயலியில் தெரிகின்றன. சேராங்கொட்டையின் கறுப்புச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் அழியாக் குறியிட்டு, ஆற்றங்கரையில் குவிந்த நூற்றுக்கணக்கான துணிகளிடையே அதனைப் பிழையின்றிக் கண்டெடுத்த சலவைத் தொழிலாளரின் திறமைக்கு இப்பட்டைக்குறி நேரடி வாரிசு எனலாம். மூன்று துணிகளும் மாறாமல், தவறாமல், சொன்ன நாளில் திரும்பின.

எனினும் துணியை எண்ணிப் பெறுவது வேறு, விரித்துப் பார்த்துப் பெறுவது வேறு. பழைய கடையில் சேலையை மேசைமேல் விரித்து, முந்தானையையும் கொசுவப் பகுதியையும் வெளிச்சத்தில் நோக்கி, இது என்ன கறை, எப்போது பட்டது என்று கேட்பார்கள். அக்கேள்விகள் சலவையின் முதற்கட்டமே ஆகும். கரைப்பான் நீக்குவது நெய், எண்ணெய், முகப்பூச்சு முதலியவற்றின் பசையை மட்டுமே. வியர்வையின் உப்பும் காப்பியும் இளநீரும் நீரில் கரைபவை. அவற்றை உருளையில் இடுவதற்கு முன்பே, கறை நீக்குபவர் கையால் தனியே நீக்க வேண்டும். மஞ்சள் கறையோ காரம் பட்டால் செந்நிறமாகிவிடும் என்பதால், அது மஞ்சள்தான் என்று அறியாதவர் சோப்பைத் தொட்டால் நிலைமை மோசமாகும். எல்லாவற்றிலும் ஆபத்தானது கண்ணுக்குப் புலப்படாத சர்க்கரைக் கறை: இளநீரோ குளிர்பானமோ சிந்திய இடம் உலர்ந்தபின் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றினாலும், உலர்த்தும் சூட்டிலும் இஸ்திரியின் சூட்டிலும் அதிலுள்ள சர்க்கரை பழுத்துப் பழுப்பு நிறமாக வெளிப்படுகிறது.

இவ்வளவு செய்தியையும் சேகரிக்கச் செயலியில் இருந்தது ‘குறிப்பு’ என்ற ஒற்றைக் கட்டம் மட்டுமே. சேலையின் முந்தானையில் இளநீர் சிந்தியிருந்தது அக்கட்டத்தில் எழுதப்பட்டும், பணியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டும், அவர் பையை மூடி எடுத்துச் சென்றார். நான்காம் நாள் சேலை திரும்பியபோது அதே இடத்தில் உள்ளங்கை அகலத்தில் பழுப்புத் திட்டு இருந்தது. கம்பளிக் கோட்டு மிக நேர்த்தியாகவும், வேட்டி மங்காத வெண்மையுடனும் வந்தமையால் பணிக்கூடத்தின் தொழில்திறன் ஐயத்துக்குரியதன்று. வாசலில் சொன்ன சொல் கறை நீக்குபவரின் மேசையைச் சென்றடையவில்லை என்பதே குறை.

மற்றொரு குறை, எந்தக் கரைப்பான் பயன்படுகிறது என்பதைச் செயலி எங்கும் சொல்லாமையாகும். ஆடைகளின் பராமரிப்புச் சீட்டில் வட்டம் உலர்சலவையைக் குறிக்கும். அதனுள் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் பெர்குளோரோஎத்திலீன் என்னும் கரைப்பானும் ஏற்றது; ‘எஃப்’ இருந்தால் பெட்ரோலியத்திலிருந்து வடிக்கப்படும் மென்மையான ஹைட்ரோகார்பன் வகை மட்டுமே ஏற்றது. கைத்தறிப் பட்டுச்சேலைகளில் பெரும்பாலும் இச்சீட்டே இல்லாததால் பொறுப்பு முழுவதும் நிறுவனத்தைச் சார்கிறது. பெர்குளோரோஎத்திலீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவில் வைத்துள்ளது. உலர்சலவையில் அதனைப் பத்தாண்டுகளில் படிப்படியாக விலக்கும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது. இதில் முதன்மையாகப் பாதிக்கப்படுபவர் உடுத்துபவர் அல்லர், நாள் முழுதும் அந்த ஆவியைச் சுவாசிக்கும் பணிக்கூடத் தொழிலாளரே என்பதால், கரைப்பானின் பெயரைக் கட்டணத்துக்கு அருகிலேயே அச்சிடுவது அவர்பால் காட்டும் மரியாதையும் ஆகும்.

பழுப்புத் திட்டு பற்றிய முறையீட்டுக்கு மறுநாளே பதில் வந்தது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. சேலை மீண்டும் எடுத்துச் செல்லப்பட்டு, கையால் நீக்கப்பட்டுத் திட்டு மங்கியதே தவிர முற்றிலும் மறையவில்லை. இழப்பீட்டைச் சலவைக் கட்டணத்தின் சில மடங்குக்குள் வரையறுக்கும் வாசகம் ரசீதில் சிற்றெழுத்தில் இருந்தது. பட்டின் விலையோடு ஒப்பிட்டால் அத்தொகை அற்பமானது.

எனவே கோட்டு, கம்பளி, அன்றாடப் பட்டு ஆகியவற்றுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ஜரிகைப் பட்டைப் பொறுத்தவரை, பணியாளர் வாசலிலேயே அதனை விரித்து, கறையிடங்களில் நூலால் அடையாளமிட்டு, அவற்றை ரசீதில் குறித்துக் கொடுக்க இசைந்தால் மட்டுமே ஒப்படைக்கலாம். இல்லையேல் கடைக்கு நேரில் எடுத்துச் செல்வதே தகும். திரும்பிய சேலையை நெகிழி உறையிலேயே பீரோவில் வைக்கலாகாது: எஞ்சிய கரைப்பான் வாடையும் ஈரமும் உள்ளே தங்கி வெள்ளி ஜரிகை கறுக்க வழியாகும் என்பதால், உறையை நீக்கி, வெயில் படாத காற்றோட்டத்தில் சில மணி நேரம் தொங்கவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும்.