வேதத்துல போட்டிருக்கு

"வேதத்துல போட்டிருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அரியமங்கலத்தில் பாதி வாக்குவாதங்கள் அதோடு முடிந்துபோகும். நகை போடலாமா கூடாதா என்பதாக இருக்கலாம், செத்துப்போனவர்களுக்காக ஜெபம் பண்ணலாமா என்பதாக இருக்கலாம். எந்த வேதத்தில் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் விஷயம் சிக்கலாகிவிடும். பாலக்கரை சகாய மாதா கோயிலுக்குப் போகிற வீட்டு விவிலியத்தில் 73 நூல்கள் இருக்கின்றன. அதே தெருவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர் கையில் இருப்பதில் 66. இறந்தோருக்கான ஜெபத்துக்கு ஆதாரமாகக் கத்தோலிக்கர்கள் எடுத்துக்காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூல் அந்த 66க்குள் கிடையாது. ஆக, போட்டிருக்கா இல்லையா என்பதற்கே ஒரே தெருவில் இரண்டு பதில்கள் உண்டு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'வேதம்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் வந்து சேர்ந்த பொருள். தெற்கே கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள், தேவாலயம் வேதக்கோயில். 'அவங்க வேதத்துல சேர்ந்துட்டாங்க' என்றால் மதம் மாறிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தப் பேச்சில் வேதம் என்பது புத்தகமே அல்ல. ஒரு கூட்டம், ஒரு கோயில், ஒரு வாழ்முறை. லுத்தரன்களின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715க்குள் தரங்கம்பாடியில் அச்சேறிவிட்டது. கத்தோலிக்கர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அச்சிட்ட விவிலியம் இல்லாமலேயே வேதக்காரர்களாக இருந்தார்கள். புத்தகம் கையில் இல்லாதவர்களுக்குப் புத்தகத்தின் பெயரால் ஒரு சாதியடையாளம்போல அடையாளம். வேதத்தின் அதிகாரம் என்று நாம் இன்று பேசும்போது இந்த இரண்டு வேதங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழப்பத்தின் முதல் பெரிய சண்டை நம் பக்கத்து ஊரில்தான் நடந்தது. திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சி. அங்கே வீரமாமுனிவர். கடற்கரையில் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள். சீகன்பால்க் 1706இல் வந்திறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அவர் கற்ற தமிழில் சந்தை வாசனை உண்டு. மொழிபெயர்ப்பிலும் அது வந்தது. வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதி லுத்தரன்களைக் கண்டித்தபோது கோட்பாட்டோடு சேர்த்து அவர்களுடைய தமிழையும் விட்டுவைக்கவில்லை. சத்திய வேதத்தை இப்படிக் கொச்சையாகவா எழுதுவது என்பது அவர் ஆத்திரம். அவர்கள் பதில் எழுத, அதற்கு மறுப்பாக அவர் 'பேதகமறுத்தல்' எழுதினார்.

வழக்கமாக இந்தச் சண்டையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். லுத்தரன்களுக்கு வேதம் மட்டும் போதும், கத்தோலிக்கர்களுக்கு வேதமும் திருச்சபை மரபும் வேண்டும் என்று. சரிதான், ஆனால் 'தேம்பாவணி'யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கதி இன்னும் சுவையானது. அதன் நாயகன் வளன், அதாவது சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், அவ்வளவுதான். அந்த வாய்திறவாத மனிதரைப் பற்றி 36 படலங்களில் 3,615 பாடல்கள். மூலச் சரக்கில் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஆகிரத மரியாள் தன் காட்சிகளாக எழுதிய நூலிலிருந்து வந்தது. அந்த நூலை ரோமே 1681இல் ஒருமுறை தடைசெய்து, பிறகு தடையைத் தளர்த்தியது. 'வேதத்துல போட்டிருக்கு' என்ற அளவுகோலை வைத்தால் தேம்பாவணியில் தேறுவது சொற்பம்.

ஆனால் அது பொய்யா? தமிழில் ஒரு பெருமகனைப் பாட வேண்டுமென்றால் நாடும் நகரமும் வேண்டும், மழை பெய்து ஆறு புரண்டு வர வேண்டும். யூதேயாவில் நெல் விளையாவிட்டால் என்ன, காப்பியத்தில் விளைய வேண்டும். வீரமாமுனிவர் அதை விளையவைத்தார். சீகன்பால்க்கின் கொச்சைத் தமிழைக் கேலி செய்தது அவருடைய பண்டித அகம்பாவம் என்றே சொல்வேன். ஏழைக்குப் புரியும் தமிழில் வேதம் வர வேண்டும் என்பதில் தரங்கம்பாடிக்காரர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் ஒரு மொழிக்குள் வரும் உண்மை அந்த மொழியின் வழக்கப்படி ஊரும் உறவும் பெற்றுத்தான் வர முடியும் என்பதை அவர்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

புத்தகத்தை நம்பியவர்கள் பக்கம் என்ன நடந்தது? அவர்கள் புத்தகம் மாறிக்கொண்டே இருந்தது. கடவுளின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சீகன்பால்க்கிடம் சர்வேசுரன், பபிரிசியுஸிடம் பராபரன், பவரிடம் தேவன், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கலகம். ரேனியுஸ் 1820களில் திருத்த ஆரம்பித்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்துப்போனார். திருச்சிக் கோட்டைக்குள் 1766இல் கிறிஸ்து ஆலயம் எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு அவர். பபிரிசியுஸின் சொற்களில் ஜெபித்து, அந்தச் சொற்களிலேயே நூற்றுக்கணக்கில் பாட்டுக் கட்டியவர். யாரோ ஒரு ஐரோப்பியர் வந்து, கிரேக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கினால் கோபம் வராதா?

அவர் எதிர்த்த அந்தத் திருத்தல் வழியில் வந்ததுதான் ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. இன்று 'பழைய திருப்புதல்' என்று கையில் வைத்துக்கொண்டு, இதிலே ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்று பல போதகர்கள் சொல்வது அதைத்தான். லுத்தரன் சபைகள் பபிரிசியுஸை விட மனமில்லாமல் அதையும் நெடுநாள் ஏற்கவில்லை. பிற்பாடு லார்சன் குழுவினர் செய்த திருத்தம் புலமையில் குறையில்லாதது, ஆனால் ஜனங்கள் அதைத் தொடவே இல்லை. காதில் ஏறியதுதான் வேதம். இன்றைக்கும் திருச்சிக்காரர் மரியாதையாகப் பேச 'நீங்க' என்பார். அவரே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தால் 'நீர்', 'உமது' என்று வேறொரு தமிழ் வரும். அந்தத் தமிழ் அவர் வீட்டில் யாரும் பேசாதது, புத்தகம் கொடுத்தது. இந்தக் காதுப் பழக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் சங்கீதங்களை முழுதாகச் சொல்வார்கள். பழைய தமிழின் சந்தம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. திருவிவிலியத்தின் சங்கீதங்கள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் மனதில் ஒட்டுவதில்லை. இது அந்த மொழிபெயர்ப்பின் நிஜமான குறை.

ஆனால் அதே திருவிவிலியம் செய்திருக்கும் ஒரு காரியத்தைப் பாருங்கள். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சைரசம் தீர்ந்துபோகிறது. மரியா வந்து சொல்கிறார். இயேசு தாயை விளிக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் 'பெண்ணே' என்பதுதான் நேர்ப்பொருள். பழைய மொழிபெயர்ப்பில் 'ஸ்திரீயே' என்று இருக்கும். மூலத்துக்கு விசுவாசமான சொல்தான், ஆனால் தமிழ்க் காதுக்குப் பெற்றவளை அப்படிக் கூப்பிடும் மகன் தறுதலை. திருவிவிலியத்தில் 'அம்மா'. மரியாளுக்கு மரியாதை சேர்க்கக் கத்தோலிக்கர்கள் செய்த கைவேலை இது என்று சில பிராட்டஸ்டண்ட் நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோவான் நற்செய்தியில் இதே கிரேக்கச் சொல்லால் கிணற்றடியில் சமாரியப் பெண்ணையும், கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவையும் இயேசு விளிக்கிறார். திருவிவிலியம் அங்கேயும் 'அம்மா' என்றே போடுகிறது. நம் ஊரில் காய்கறி விற்கிற பெண்ணும் அம்மா, பெற்றவளும் அம்மா. தாயையும் வழிப்போக்கியையும் ஒரே சொல்லில் வைக்கும் மூலத்தின் விசித்திரத்தைத் தமிழ் தற்செயலாக அப்படியே பிடித்துக்கொண்டது. எழுத்துக்கு எழுத்து போன பழைய மொழிபெயர்ப்பு இங்கே மூலத்தைத் தவறவிட்டது, தள்ளி நின்ற புதியது பிடித்தது.

'உண்மை' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. யோவானில் இயேசு தன்னை வழி என்றும் உயிர் என்றும் சொல்லும் இடத்தில் நடுவே ஒரு சொல் வரும். பழைய மொழிபெயர்ப்பில் அது 'சத்தியம்', புதியதில் 'உண்மை'. புதியது எளிமை, தூய தமிழ், எல்லாம் சரி. உள்ளது எதுவோ அது உண்மை. ஆனால் தமிழில் சத்தியம் என்பதற்கு இன்னொரு உயிர் இருக்கிறது. 'சத்தியம் பண்ணு' என்கிறோம், 'சத்தியமா சொல்றேன்' என்கிறோம். கையில் அடித்துக் கொடுப்பது, ஓர் ஆள் தன்னைப் பிணையாக வைப்பது. கிரேக்கச் சொல்லுக்கு மறைவு நீங்கியது என்று வேர் சொல்வார்கள். அதற்குப் பின்னால் நிற்கும் எபிரேயச் சொல்லுக்கோ உறுதி, நம்பத்தக்க தன்மை என்று பொருள். ஆமென் என்ற சொல்லும் அந்த வேர்தான். தமிழ்ச் சத்தியம் அந்த எபிரேயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இந்த ஓரிடத்தில் என் ஓட்டு பழைய மொழிபெயர்ப்புக்கு. மூன்றாவதாக 'மெய்' ஒன்று இருக்கிறது. உண்மையும் மெய், உடம்பும் மெய். வார்த்தை உடம்பெடுத்தது என்று சொல்லும் ஒரு மதத்துக்கு இப்படிச் சொல் வேறு எந்த மொழியில் அமையும்? மொழிபெயர்ப்பாளர்கள் மாம்சம், மனிதர் என்று போய்விட்டார்கள்.

கிறிஸ்தவத்தில் உண்மை என்பது முதலில் ஓர் ஆள். புத்தகம் அந்த ஆளைப் பற்றிய சாட்சி. உண்மை என்றால் என்ன என்று பிலாத்து கேட்டபோது எதிரே நின்றவர் சுருளை எடுத்து நீட்டவில்லை, பேசாமல் நின்றார். அன்றைக்குச் சிலுவைமேல் மாட்டிய பலகையில் இருந்த வாசகத்தை நான்கு நற்செய்தியாளர்களும் நான்கு விதமாகத் தருகிறார்கள். ஒரு பலகை, நாலு சொல், அதிலேயே ஒற்றுமை இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் தத்தியன் என்ற சிரியாக்காரர் நான்கையும் இழைத்து முரண் இல்லாத ஒரே நற்செய்தியாக்கினார். சிரியச் சபைகள் சில நூற்றாண்டுகள் அதை வாசிக்கவும் செய்தன. கடைசியில் அதையும் ஒதுக்கிவிட்டு நான்கையுமே வைத்துக்கொண்டார்கள். கோர்ட் படி ஏறியவர்களுக்கு இது புரியும். நாலு பேரும் ஒரே வார்த்தையில் சொன்னால் அது சொல்லிக்கொடுத்த சாட்சி. சாட்சிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அது நீதிபதியின் அதிகாரம் மாதிரி இல்லை. அதைக் கேட்க வேண்டும், குறுக்கே விசாரிக்க வேண்டும், நம்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

1978இல் சிகாகோவில் கூடிய அமெரிக்க சுவிசேஷகர்கள், வேதம் சரித்திரத்திலும் விஞ்ஞானத்திலும்கூடப் பிழையற்றது என்று அறிக்கை விட்டார்கள். மூலப் பிரதிகளைத்தான் சொல்கிறோம் என்று ஒரு ஷரத்தும் சேர்த்தார்கள். அந்த மூலப் பிரதிகள் ஒன்றுகூட உலகில் இல்லை. அதற்கு 13 வருஷம் முன்னால், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்புக்காகக் கடவுள் எழுதவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று அளந்து சொன்னது. நம் ஊர்ச் சுவர் போஸ்டர்களிலும் யூடியூப் பிரசங்கங்களிலும் ஜெயித்திருப்பது சிகாகோதான், அதுவும் ஷரத்து இல்லாமல். இங்கே பிழையற்றதாக ஆகிவிட்டது மூலப் பிரதியல்ல, 1871இன் தமிழ்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. சிகாகோவை இறக்குமதி செய்தவர்களுக்குப் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமியைத் தெரியாது. பிற்பாடு கோவையில் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயராக இருந்தவர். இந்தியத் தர்க்க மரபில் பழகிய பிரமாணம் என்ற கருவியை எடுத்து, கிறிஸ்தவனுக்கு எது பிரமாணம் என்று கேட்டார். சுருதி, யுக்தி, அனுபவம். வேதம், பகுத்தறிவு, பட்டறிந்தது. இந்த மூன்றோடு நான்காவதாகச் சபையைச் சேர்த்தார். ஒன்று தறிகெட்டுப் போனால் மற்றது பிடித்து இழுக்கும். செஞ்சையா அவரைவிட ஒரு படி மேலே போய், கிறிஸ்துவை நேரடியாக அறிவதே முதல் பிரமாணம் என்ற பக்கம் நின்றார். அது சறுக்குப் பாதை என்பது என் அபிப்பிராயம். அனுபவத்தை முதலில் வைத்தால் மைக் பிடித்தவன் எல்லாம் தீர்க்கதரிசி ஆகிவிடுவான், ஆகியும் இருக்கிறான். அப்பாசாமியின் நான்கு கால் கட்டில் அவ்வளவு சுலபமாகச் சாயாது. 'வேதத்துல போட்டிருக்கு' என்பவரிடம் அது, 'சரி, உங்க புத்தி என்ன சொல்லுது, உங்க வாழ்க்கையில பார்த்தது என்ன, மத்தவங்க என்ன சொல்றாங்க?' என்று கேட்கும். வேதத்தை அது கீழே இறக்குவதில்லை. தனியாக நிற்கவிடுவதில்லை, அவ்வளவுதான்.

இயேசு பேசிய மொழி அரமேயம். நற்செய்திகள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். அதாவது அவர் பேச்சு முதன்முதலாகப் புத்தகமானபோதே மொழிபெயர்ப்பாகத்தான் ஆனது. அசலாக மிஞ்சியவை சில துணுக்குகள். செத்துக் கிடந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்து அவர் சொன்ன 'தலீத்தா கூம்' அதில் ஒன்று. மாற்கு அதை அப்படியே போட்டுவிட்டு, உடனே பக்கத்திலேயே அதற்குக் கிரேக்கத்தில் அர்த்தமும் எழுதுகிறார். அந்தப் பிள்ளை எழுந்ததும் இயேசு அடுத்துச் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. அதை அவர் எந்தச் சொற்களில் சொன்னார் என்று மாற்கு வைக்கவில்லை.