ஓடி முடித்த ராட்டினத்தில் எதைக் காப்பது?

கெந்திங் மலையின் திறந்தவெளிக் கேளிக்கைப் பூங்கா 2013 செப்டம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. கார்க்ஸ்க்ரூ, சைக்ளோன், குப்புறப் படுக்க வைத்துச் சுழற்றிய ஃப்ளையிங் கோஸ்டர் எல்லாம் அன்றோடு நின்றன. அந்த இடத்தில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறக்க 2022 பிப்ரவரி வரை ஆயிற்று. இடையில் வளர்ந்து பெரியவர்களானவர்கள் இப்போது பழைய படங்களைத் தேடுகிறார்கள்; வண்டி ஒன்றோ பெயர்ப் பலகை ஒன்றோ எஞ்சியிருந்தால் அதைக் காக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் எதைக் காப்பது, யாருக்காகக் காப்பது என்பதை யோசிக்காமல் செய்தால் பழைய இரும்பும் கண்ணாடியிழையும்தான் மிஞ்சும்.

கேமரன் மலையின் கோலா தெர்லாவிலிருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங்குக்கு மலைமேல் ஓர் உல்லாச நகரம் கட்டும் எண்ணம் தோன்றியது 1964இல், அவர் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது. அந்தத் திட்டத்தின் சிறு மின்நிலையம் ஒன்று கோலா தெர்லாவிலும் இருக்கிறது. கெந்திங்கும் நாமும் ஒரே பகாங் மாநிலம். எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் நினைவுக்கு வருவது இன்னொரு மலையின் அந்த ராட்டினங்கள்தான்.

ராட்டினப் பொருள்களைக் காக்கும் பழக்கம் அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. டெக்சாஸின் பிளெய்ன்வியூ நகரில் ரோலர் கோஸ்டர்களுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. நிறுவனங்கள் கழித்துக்கட்டியதைத் தனி மனிதர்கள் வாங்கிச் சேர்த்ததால்தான் பல பொருள்கள் தப்பின; இந்தப் பழக்கத்துக்கு நாம் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அதற்காக. 2018இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் பொருள்களின் தனியார் சேகரிப்பு ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஏலத்துக்கு முன் சில வாரங்கள் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்க அனுமதித்தார்கள். பிறகு டம்போ யானை வண்டி ஒன்று 400,000 டாலருக்கும் மேல் விலைபோனது. காசு கொடுத்து ஏறிய ஊர்ப் பிள்ளைகளின் வண்டி, மறுநாள் யாரோ ஒருவரின் வீட்டுக்கூடத்துப் பொருள்.

விலை ஏறினால் பேராசையும் ஏறும். ஃபுளோரிடாவில் எப்கோட் பூங்காவின் மூடிய காட்சிக்கூடம் ஒன்றில் நின்றிருந்த ‘பஸ்ஸி’ என்ற இயந்திரப் பொம்மையின் உடைகள் திருடுபோயின. 2019இல் முன்னாள் ஊழியர் ஒருவர் கைதானார். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் ஸ்பிளாஷ் மவுண்டன் ராட்டினம் மூடப்பட்ட 2023இல் அதன் தண்ணீர் என்று சொல்லிப் புட்டியில் அடைத்து இணையத்தில் விற்றவர்களும் உண்டு. நினைவைக் காக்கும் வேலையில் சந்தையை மட்டும் நம்பினால் இந்தத் தாழ்வும் சேர்ந்தே வரும்.

அருங்காட்சியகத்தின் கையில் கொடுத்தால் எல்லாம் தீருமா? 1987 கோடையில் ஹம்பர்க் நகரில் கலைஞர் ஆந்த்ரே ஹெல்லர் ‘லூனா லூனா’ என்ற பூங்காவை நடத்தினார். ஓவியர்களான பாஸ்கியா ஒரு ராட்சத ராட்டினத்துக்கும், கீத் ஹேரிங் ஒரு குடைராட்டினத்துக்கும் வடிவம் கொடுத்தார்கள். பூங்கா முடிந்ததும் பெட்டகங்களில் அடைபட்ட அந்தப் பொருள்கள் பல ஆண்டுகள் டெக்சாஸில் கிடந்து, 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் பார்வைக்கு வந்தன. அவை தப்பியது பெரும்பேறு. ஆனால் பழுதாகிவிடும் என்பதால் அந்த ராட்டினங்களில் யாரையும் ஏற்றவில்லை. வயிற்றைப் புரட்டிய அந்தச் சுழற்சிதான் ராட்டினம். சுழலாதபோது அது ஓவியம் பூசிய மரமும் இரும்பும். காப்பாற்றியவர்களைக் குறை சொல்ல முடியாது. காப்பதன் விலை அது.

இதற்கு நேர்மாறான வழியும் டிஸ்னியில் நடந்திருக்கிறது. ‘அமெரிக்கா சிங்ஸ்’ காட்சி 1988இல் முடிந்தது. அதில் பாடிய இயந்திர விலங்குகளில் பெரும்பாலானவற்றை 1989இல் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவை 2023 வரை வேலை செய்தன. எண்ணெய் போட்டு, தோல் மாற்றி, தினமும் பார்த்துக்கொண்டதால் பிழைத்தன. பெட்டிக்குள் பூட்டியிருந்தால் ரப்பர் தோல் நொறுங்கி, குழாய்கள் கசிந்திருக்கும். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து உருட்டும் பழைய இயந்திரங்கள் பல பத்தாண்டுகள் தாங்குவதும் இதனால்தான். ஆனால் புதிய வேலைக்குப் போன பொருள் பழைய காட்சியை மறந்துவிடும். பின்னால் யாரும் ‘அமெரிக்கா சிங்ஸை’ அப்படியே மீட்க முடியாது.

ஸ்பிளாஷ் மவுண்டன் இன்னொரு பாடமும் தருகிறது. அதன் கதைமாந்தர்கள் 1946இல் வந்த ஒரு படத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அமெரிக்கத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் வாழ்வை அந்தப் படம் இனிப்பாக்கிக் காட்டியது என்ற கண்டனம் நெடுநாளாக உண்டு. அந்த ராட்டினத்தின் முயல் பொம்மையை வெறும் இனிய ஞாபகமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பொய்க்குத் துணைபோவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கொழுந்துக் கூடையைச் சுவரில் அழகுக்கு மாட்டி, பக்கத்தில் கூலியையும் பெரட்டையும் லயத்தையும் பற்றி ஒரு வரிகூட எழுதாத இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். கூடை உண்மையானதுதான். அதைச் சுமந்த முதுகு அங்கே இல்லை.

கெந்திங் ராட்டினங்களிலும் அப்படி ஒரு முதுகு உண்டு. சுமார் 1,800 மீட்டர் உயரம், ஓயாத மழை, மூடுபனி. ஈரத்தில் பிரேக் பிடி தளரும். காலையில் ஆளில்லாமல் வண்டியை ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே சக்கரத் தேய்மானத்தைச் சொல்லிவிடும் பணியாளரின் அறிவு எந்த வண்டியிலும் ஒட்டிக்கொண்டிருக்காது. வண்டியைக் காத்து அவர் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டால் பாதியைத்தான் காத்தோம். என் கணக்கில் அது சின்னப் பாதி.

எனக்குப் பிடித்த முன்மாதிரி சிங்கப்பூரில் இருக்கிறது. தோ பாயோவில் 1979இல் கோர் இயான் கீ வடிவமைத்த டிராகன் விளையாட்டிடம். சுற்றியிருந்த வீடமைப்புக் கட்டடங்களிலிருந்து குடியிருந்தவர்கள் வெளியேறிய பிறகும் டிராகனை விட்டுவைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை, ஏலம் இல்லை. பிள்ளைகள் இன்னும் அதன் மேல் ஏறுகிறார்கள். ராட்டினத்துக்கு இது அப்படியே பொருந்தாது என்பது தெரியும். பழைய எஃகில் ஆளை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. ஆனால் பொருளை அதன் ஊரிலேயே, தொடக்கூடிய உயரத்தில் வைக்க முடியும். பிரிஞ்சாங் ஸ்ட்ராபெரி பண்ணையில் இருக்கும் ‘டைம் டனல்’ தனியார் அருங்காட்சியகம், பழைய முடிதிருத்தும் கடையையும் கோப்பிக் கடையையும் இந்த மலையிலேயே வைத்துக் காட்டுகிறது. இங்கே அது நடக்கும் என்பதற்கு அது போதிய சான்று.

ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டாம். ஒரு ராட்டினத்துக்கு ஒரு வண்டி போதும். அதோடு அதன் வரைபடம், பராமரிப்பு ஏடு, ஓட்டியவரின் குரல் மூன்றும் சேர வேண்டும். பெக்கானில் உள்ள சுல்தான் அபு பக்கர் அருங்காட்சியகம் மாநிலத்தின் கேளிக்கை வரலாற்றையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். பூங்கா நிறுவனங்கள் அடுத்த ராட்டினத்தைக் கழற்றும் முன்பே அந்த அருங்காட்சியகத்தை அழைக்கலாம். கெந்திங்கில் வேலை செய்த அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களை உட்காரவைத்துக் கைப்பேசியில் இந்த வாரமே பேச விடுங்கள். பழைய படங்களின் பின்பக்கத்தில் ஆண்டையும் பெயர்களையும் எழுதி வையுங்கள்.