படுக்கைப் புண்ணும் மருத்துவருக்குப் போகும் தகவலும்

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருத்துவர் நாள்தோறும் இருப்பதில்லை. முதியவர் சேர்ந்த முதல் 90 நாட்களில் 30 நாளுக்கொரு முறை, அதன்பின் 60 நாளுக்கொரு முறை மருத்துவர் வந்து பார்த்தால் கூட்டரசு விதிக்கு அது போதும். படுக்கைப் புண்ணோ சில நாட்களிலேயே ஆழமாகிவிடக்கூடியது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவருக்குக் கண்ணாக இருப்பவர் செவிலியரே.

உடல்நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வந்தாலோ, சிகிச்சையைப் பெரிதும் மாற்ற நேர்ந்தாலோ உடனடியாக மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் நிதி பெறும் இல்லங்களை விதி கட்டாயப்படுத்துகிறது. நள்ளிரவில் மருத்துவரை எழுப்பத் தயங்கும் செவிலியருக்கு இது பெரிய துணை. ஆனால் விதி கேட்பது கலந்தாலோசனை; தொலைநகல் ஒன்றை அனுப்பிவிட்டு, அனுப்பிய நேரத்தைக் குறித்துவைப்பது அதற்கு ஈடாகாது. மருத்துவர் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த விதி வரையறுக்கவில்லை என்பது இதைவிடப் பெரிய குறை.

எதைச் சொல்வது என்பதற்கு ‘எஸ்பார்’ முறை பரவலாக உதவுகிறது. அமெரிக்கக் கடற்படையிலிருந்து கைசர் பெர்மனெண்டே என்ற மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவத்துக்கு வந்த இம்முறையில் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நான்கு படிகள் உண்டு. “புண் மோசமாக இருக்கிறது” என்ற அழைப்பை வைத்து மருத்துவரால் முடிவெடுக்க இயலாது. “வால் எலும்பின் மேல் மூன்றாம் நிலைப் புண், போன வாரம் 3 செ.மீ., இன்று 5, ஓரம் சிவந்து சுடுகிறது, சீழ் வாடை, காய்ச்சல்” என்றால் முடியும். நான்காவது படியான பரிந்துரையே இம்முறையின் உயிர். தயக்கத்தால் விட்டுப்போவதும் அதுவே. “நேரில் வந்து பாருங்கள்” என்று கேட்கும் உரிமையைச் செவிலியருக்கு இல்லமே வெளிப்படையாக வழங்கியிருக்க வேண்டும்.

எவ்வளவு ஒழுங்காகச் சொன்னாலும் பார்த்ததில் பிழை இருந்தால் பயனில்லை. கருத்த தோலில் படுக்கைப் புண்ணின் முதல் நிலையில் தோன்றும் சிவப்பு கண்ணுக்குப் படாமல் போகலாம். சூட்டையும் கடினத்தையும் தொட்டறிய வேண்டும். கறுத்த பொருக்கு மூடிய புண்ணின் ஆழத்தை எவராலும் சொல்ல முடியாது. புண்ணை எடுத்தனுப்பும் ஒளிப்படம் அளவைக் காட்டும். தோலுக்கடியில் ஓடும் குழிவையும் வாடையையும் காட்டாது.

மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் குளிப்பாட்டி உடைமாற்றும் உதவியாளர். அவர் கண்டதைச் செவிலியரிடம் சேர்க்க பராமரிப்பு இல்லங்களுக்கான ‘இன்டராக்ட்’ திட்டத்தின் ‘ஸ்டாப் அண்ட் வாட்ச்’ என்ற எளிய படிவம் இருக்கிறது. அது நிரப்பப்படாத இடத்தில், அடுத்து வரும் தொலைபேசி அழைப்பு எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் தாமதமானதே.